பிளம்லி ஐயர் செத்த கதையும் என் மாமனார் சாகாத கதையும்

1

என் மாமனார் இறந்துவிட்டார் என்று நான் ஒருமுறை நம்பினேன். அரைகுறையாக அல்ல, கறுப்புக் கோட்டு வாங்கி, விமானம் ஏறி, திண்டுக்கல்லில் ஆட்டோக்காரரிடம் சில்லறை கொடுக்கும்போது தேம்புகிற அளவுக்கு நம்பினேன். அவர் செத்துப்போனார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவருடைய நல்ல போட்டோ ஒன்று இருக்கிறதா என்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வயதானவரின் முகம் தெளிவாகத் தெரிகிற போட்டோவை நம் வீடுகளில் அவசரமாகத் தேடுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். தெருமுனை பிளக்ஸுக்கு ஒன்று, பேப்பர்காரருக்கு ஒன்று, தலைமாட்டில் வைக்க ஒன்று. இங்கே பிராட்ஃபோர்டில் வெள்ளைக்காரரிடம் இதைச் சொன்னால், பாஸ்போர்ட்டுக்காக இருக்கும் என்பார்.

இப்போது இதை எழுதக் காரணம் எங்கள் கிடங்கு மேலாளர் பிரையன். கார் உதிரி பாகங்கள் அடுக்கி வைத்திருக்கும் கிடங்கில் நான் சரக்குக் கணக்கு பார்க்கிறேன். போன வாரம் பிரையன் ஓய்வு பெற்றார். கேக்கை வாயில் வைத்துக்கொண்டே என் தோளில் கைபோட்டு, "காலஞ்சென்ற உங்கள் மாமனாருக்கு ஒரு தம்பி இருந்தாரே, தங்கமான மனிதர், சுகமாக இருக்கிறாரா?" என்று விசாரித்தார்.

நன்றாக இருக்கிறார் என்று சொன்னேன். என் மாமனாருக்குத் தம்பியே கிடையாது.

2

மாமாவின் பெயர் ஞானமுத்து. திண்டுக்கல் கடைவீதியில் விதைக்கடை. திங்கள் முதல் சனி வரை தக்காளி, கத்தரி, வெண்டை விதை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய்ப் பிரசங்கம். சம்பளம் வாங்காத பிரசங்கியார். அப்பேர்ப்பட்டவர் தன் ஒரே மகள் எஸ்தரை எனக்குக் கொடுத்ததே பெரிய சங்கதி. நிச்சயதார்த்தத்தில் ஜெபம் நீண்டுகொண்டே போனபோது, பந்தியில் ரசம் ஆறுகிறது என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருந்தது.

1993-இல் இங்கே வந்து சேர்ந்தோம். முதல் போனிலேயே மாமா கேட்டது குளிரைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ அல்ல.

"சபைக்குப் போறீங்களா மாப்பிள்ளை?"

எங்கள் தெருவில் இருந்த பழைய தேவாலயம் அப்போதுதான் கம்பளக் கடையாக மாறியிருந்தது. அதை எப்படி அவரிடம் சொல்வது? கடை வாசலில், உள்ளே கிடந்த பழைய புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். எதை எடுத்தாலும் ஒரு டீயின் விலை. கனமான கறுப்புப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். முதலில் வெங்காயச் சருகு போல ஒரு மெல்லிய தாள். அதைத் தூக்கினால் தாடிவைத்த ஒரு பெரியவர், ஒரு கையைப் புத்தகத்தின் மேல் வைத்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே அவருடைய கையெழுத்து. காலஞ்சென்ற போதகர் இன்னாரின் நினைவாக எழுதப்பட்ட ஜீவிய சரித்திரம். அச்சாகி நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நல்ல மருமகன் என்று பேர் வாங்குவதற்காக அதைக் கப்பல் தபாலில் போட்டுவிட்டேன். அது ஆடி அசைந்து போய்ச் சேர்ந்தது. மாமாவிடமிருந்து பதில் வந்தது: "மாப்பிள்ளை, இன்னும் கெடைக்குமா?"

அன்றைக்குப் பிடித்தது. சனிக்கிழமையானால் வேலை இதுதான். தர்மத்துக்காகப் பழைய சாமான் விற்கிற கடைகள், பூட்டப்போகிற ஆலயங்கள், பெரியவர்கள் காலமான வீடுகளில் நடக்கும் சாமான் விற்பனை. நாளடைவில் நான் பெரிய நிபுணனாகிவிட்டேன். முதலில் மோந்து பார்ப்பேன். ஈர வாடை அடித்தால் உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கும். அடுத்து படம் இருக்கிறதா என்று பார்ப்பேன். சட்டம் போட்டு விற்பதற்காகச் சிலர் முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருப்பார்கள். முகமில்லாத போதகர் மாமாவுக்கு ஆகாது. ஒரு கடைக்காரம்மா, நீங்கள் இறையியல் ஆய்வாளரா என்று மரியாதையோடு கேட்டார். விதைக்கடைக்காரர் மருமகன் என்றேன். ஆய்வாளரை விடப் பெரிய பதவி என்று நினைத்தாரோ என்னவோ, விலையைக் குறைத்தார்.

என் மகள் ஜெனி நடக்கப் பழகியதே இந்தக் கடைகளில்தான். அவளுக்கு இவர்கள் எல்லாரும் 'தாடித் தாத்தா'. சொந்தத் தாத்தாவிடம் போனில் தமிழில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் ஓடி ஒளிகிறவள், இந்தத் தாத்தாக்களுக்குப் பென்சிலால் மூக்குக்கண்ணாடி போடுவதில் கெட்டிக்காரி. இரண்டு மூன்று போதகர்கள் கண்ணாடியோடுதான் திண்டுக்கல் போனார்கள்.

3

இந்தப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எலும்புக்கூடுதான். ஏழைக் குடும்பத்தில் பிறப்பு. சிறுவயதில் ஆப்பிள் திருட்டு. இடி மின்னலில் மனந்திரும்புதல். பிறகு குதிரை, பனி, பசி, கல்லெறி. கடைசி அதிகாரத்தில் மரணப் படுக்கை: யார் யார் சுற்றி நின்றார்கள், எந்தப் பாட்டுப் பாடினார்கள், ஐயர் (போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கடைசியாக என்ன சொன்னார்.

மாமா கடைசி அதிகாரத்தைத்தான் முதலில் படிப்பார். "எப்பிடிப் போனாருன்னு தெரிஞ்சாத்தான் எப்பிடி இருந்தாருன்னு படிக்க மனசு வரும்" என்பார்.

கடையில் உட்கார்ந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலி விதை உறையை அடையாளத்துக்குச் செருகிச் செருகிப் படித்தார். படித்ததை விதை வாங்க வருகிறவர்களுக்குச் சொல்லவும் ஆரம்பித்தார். செம்பட்டி, சேவுகம்பட்டிப் பக்கத்து விவசாயிகள். முக்கால்வாசிப் பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவர்களுக்கு மதத்தில் சிக்கல் ஒன்றும் இல்லை, கதையில்தான் ஆர்வம். அதிலும் சேவுகம்பட்டிக் கருப்பையாவுக்கு, போன தடவை விட்ட இடம் வரி பிசகாமல் ஞாபகம் இருக்கும்.

இவர்கள் எல்லாரையும் கட்டிப்போட்டவர் ஜோசையா பிளம்லி என்ற போதகர். ஒரு காலத்தில் பிராட்ஃபோர்டு வட்டாரத்தையே கலக்கியவராம். இன்று அவர் பிறந்த ஊரிலேயே யாருக்கும் தெரியாது. அவர் சரித்திரம் இரண்டு பாகம். எனக்குக் கிடைத்தது முதல் பாகம். அதில் பிளம்லி ஐயர் குதிரையோடு பனி உடைந்த ஆற்றில் விழுகிறார், எழுகிறார், கலகக்காரர்களிடம் அடி வாங்குகிறார், கடைசிப் பக்கத்தில் கடுங்காய்ச்சலோடு கப்பல் ஏறுகிறார். அத்தோடு பாகம் முடிந்தது. மாமா தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, கடைசி அதிகாரம் இல்லாமல் ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டார்.

அடுத்த பட்டத்துக்குத் தக்காளி விதை வாங்க வந்த கருப்பையாவின் முதல் கேள்வி: "அந்தக் காய்ச்சக்கார ஐயரு பொழச்சாரா இல்லையா?"

"மாப்பிள்ளை தேடிக்கிட்டு இருக்காரு."

இது வருஷக்கணக்காக நடந்தது. நான் ஊருக்கு வந்தால் கடைவீதியில் முன்பின் தெரியாதவர்கள்கூட, வெள்ளைக்கார ஐயர் என்ன ஆனார் என்று என்னை மடக்குவார்கள். ஏதோ நான்தான் அவரைக் கப்பலில் ஏற்றிவிட்டு வந்தவன் மாதிரி.

1999-இல் மாமா இங்கே வந்திருந்தபோது, பிளம்லி ஐயர் பிரசங்கித்த ஆலய வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அந்த ஆலயம் அப்போது பிங்கோ சூதாட்டக் கூடமாகியிருந்தது. குளிருக்கு என் கோட்டு. ஒரு கை புத்தகத்தின் மேல். அச்சு அசல் அந்தத் தாடித் தாத்தாக்கள் மாதிரியே, முறைப்பு உட்பட. தாடி ஒன்றுதான் குறை.

அந்தப் போட்டோதான் பிறகு என்னைப் பாடாய்ப் படுத்தியது.

4

2004-இல் இரண்டாம் பாகம் கிடைத்தது. மலைமேல் ஒரு கிராமத்தில், சாமான் விற்பனை நடந்த வீட்டில், கால் ஒடிந்த அலமாரிக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அலமாரியையும் சேர்த்து வாங்கினால்தான் தருவேன் என்று அந்த வீட்டுக்காரர் முரண்டு பிடித்ததும், எஸ்தர் அந்த அலமாரியைப் பார்த்த பார்வையும் தனிக் கதை. நான் கடைசி அதிகாரத்தைத் திறக்கவில்லை. அது மாமாவுடைய உரிமை. மாமாவிடமும் மூச்சு விடவில்லை. தபாலில் போய்த் திடுக்கிட வைக்கட்டும் என்று கட்டி வைத்திருந்தேன்.

அந்த வாரம் புதன்கிழமை கிடங்கில் இருந்தபோது எஸ்தரின் தம்பி டேவிட் கூப்பிட்டான். சுற்றிலும் ஒரே இரைச்சல்.

"அத்தான், அப்பா போட்டோ ஒண்ணு வேணும். நல்லாத் தெளிவா. கோட்டுப் போட்டு எடுத்தீங்கள்ல, அது. இன்னைக்கே மெயில்ல அனுப்பிருங்க. பிரஸ்ல காத்துக்கிட்டு இருக்காக."

"எதுக்குடா?"

"அக்காட்ட இப்ப ஒண்ணும் சொல்லிக்கிட வேணாம். ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிஞ்சா கெளம்பி வாங்க."

லைன் அறுந்தது. நான் ஒரு பெட்டி பிரேக் கட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

போட்டோ. பிரஸ். அக்காவிடம் சொல்லாதே. கிளம்பி வா. நம் ஊரில் சாவுச் செய்தி இதைவிடச் சுத்தமாக யாருக்கும் வந்ததில்லை. ஞாயிறு வரை என்றால், எனக்காக ஐஸ் பெட்டி எடுத்துவிட்டார்கள். என் மேசை இழுப்பறையில் வைத்திருந்த அந்தப் போட்டோவை ஸ்கேன் செய்யும்போது கண்ணாடித் தட்டு முழுக்க என் கண்ணீர். பிரையன் ஓடிவந்து தட்டைத் துடைத்தார், பிறகு என்னையும்.

5

எஸ்தரிடம் என்ன சொல்வது? வழி நெடுக யோசித்து, மிகவும் தந்திரமான ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு போனேன்.

"மாமாவுக்குக் கொஞ்சம் முடியலையாம். நான் மட்டும் போய்ப் பாத்துட்டு வாரேன்."

அவள் திண்டுக்கல்லில் பிறந்தவள் என்பதை நான் மறந்துவிட்டேன். அடுப்பை அணைத்தாள். "எப்ப?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் என் தந்திரத்தால் என்ன பிரயோஜனம்?

டேவிட்டின் போன் அணைந்து கிடந்தது. வீட்டுப் போனை எதிர்வீட்டு அக்கா எடுத்தார். "எல்லாரும் சர்ச்சுல இருக்காக தம்பி. சேரு, பந்தலு எல்லாம் எறங்குது. நீங்க வாரீகளா?" என்றார். புதன்கிழமையில் சர்ச்சு. பந்தல். நான் எஸ்தரைப் பார்த்தேன், எஸ்தர் என்னைப் பார்த்தாள். மாமா எப்படி இருக்கிறார் என்ற ஒரே ஒரு கேள்வி போதும். அதைக் கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் நாக்கு எழவில்லை. வாரேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

எஸ்தரால் வர முடியவில்லை. ஜெனியைத் தனியாக விட முடியாது, அவள் பாஸ்போர்ட்டோ புதுப்பிப்பதற்காக அரசாங்க அலுவலகத்தில் கிடந்தது. அவசரம் என்று போன் செய்தால் பியானோ வாசித்தார்கள். வாசித்து முடித்து ஒரு பெண் வந்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்றாள். மறுபடி பியானோ. இதற்கிடையில் கிடங்கில் துக்க விடுப்புக்கு ஒரு படிவம். அதை வாங்கிக்கொண்ட பணியாளர் பிரிவுப் பெண், இறுதிச் சடங்கில் அச்சடித்துக் கொடுப்பது ஏதாவது இருந்தால் திரும்பி வரும்போது கொண்டுவரச் சொன்னாள். சரியென்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் பின்னால் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்கிறேன்.

கறுப்புக் கோட்டு வாங்கினேன். பெட்டியில் பிளம்லி ஐயரின் இரண்டாம் பாகத்தை வைத்தேன். மாமா கடைசி அதிகாரம் தெரியாமலே போய்விட்டாரே என்பதுதான் விமானத்தில் என்னை உலுக்கிக்கொண்டே வந்தது. சவப்பெட்டிக்குள், அவர் கைக்கு அடியில் புத்தகத்தை வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். சென்னைச் சுங்கத்தில் அதிகாரி புத்தகத்தைப் பிரித்து, தாடியைப் பார்த்து, யார் சார் இது என்றார். செத்துப்போனவர் என்று சொல்லி அழுதேன். உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறேன் என்று மூடிக் கொடுத்துவிட்டார்.

6

சனிக்கிழமை காலை. தெருவுக்குள் ஆட்டோ திரும்பும்போதே, வாசலில் அத்தை உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர். இறங்கி ஓடினேன். அத்தை முன்னால் ஒரு அண்டாவும், குவித்து வைத்த சின்ன வெங்காயமும் இருந்ததை அப்போது நான் கணக்கில் எடுக்கவில்லை.

"அத்தை, இப்பிடி ஆயிப்போச்சே" என்று கதறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். கறுப்புக் கோட்டு. அழுகை. எஸ்தர் இல்லாமல் தனியாக வந்திருக்கிறேன். அருவாமனை ஒரு பக்கம் சாய்ந்தது.

"எஸ்தர் எங்க? மாப்பிள்ளை, எம்புள்ளைக்கு என்னாச்சு?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அத்தை மார்பில் அடித்துக்கொண்டு ஓலமிட ஆரம்பித்துவிட்டார். மாமாவுக்காகத்தான் அழுகிறார் என்று நானும் குரலை உயர்த்தினேன். நான் அவர் புருஷனுக்காக, அவர் என் பெண்டாட்டிக்காக, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதோம். உயிரோடு இருக்கிற இரண்டு பேருக்கு இவ்வளவு நேர்மையாக ஒப்பாரி வைத்தவர்கள் அந்த ஜில்லாவில் வேறு யாரும் இருக்க முடியாது. தெரு கூடிவிட்டது.

கொல்லைப்புறத்திலிருந்து இடுப்பில் துண்டும், பாதி முகத்தில் சவர நுரையுமாக மாமா வந்தார்.

"என்ன இங்க சத்தம்?"

எனக்கு வாயில் வந்தது இதுதான்: "மாமா, நீங்க எங்க இங்க?"

"எம்வீட்டுல நான் இல்லாம வேற யாரு இருப்பா?"

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அத்தைக்கு எஸ்தர் உயிரோடு இருப்பதை நிரூபிக்கச் செத்த நேரம் பிடித்தது. மாமா சங்கதியைக் கேட்டு முடித்து, நுரை காயக் காய என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த ஆள் ரசத்தை ஞாபகம் வைத்திருக்கிறார், இன்றைக்கு எனக்குப் பிரசங்கம் நிச்சயம் என்று நினைத்தேன். அவர் கிட்டே வந்து கோட்டின் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நல்ல துணி. எனக்கு ஆகுமா மாப்பிள்ளை?"

முதல் வேலையாக பிராட்ஃபோர்டுக்குப் போன் போட்டு, ஒன்றும் சொல்லாமல் அவர் கையில் கொடுத்தேன். அங்கே இன்னும் சரியாக விடியவில்லை.

"எஸ்தரு, நான் அப்பா பேசுறேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எஸ்தர் மயங்கி விழுந்துவிட்டாளோ என்று நான் போனைப் பிடுங்கப் போனேன். அப்போது அவள் குரல் மெதுவாகக் கேட்டது.

"சாப்டீங்களாப்பா?"

7

விஷயம் இதுதான். இத்தனை வருஷம் நான் அனுப்பிய புத்தகங்களைப் படித்த மாமாவுக்கு ஒரு குறை. "அம்புட்டுப் புத்தகத்துலயும் ஒரு தப்பு மாப்பிள்ளை. யாரைப் பத்தி எழுதிருக்கோ, அந்த ஒராளு மட்டும் அதைப் படிக்கலை." அதனால் தன் ஜீவிய சரித்திரத்தைத் தானே சொல்லி, டேவிட்டை எழுதவைத்து, உயிரோடு இருக்கும்போதே வெளியிடத் தீர்மானித்திருந்தார். எஸ்தருக்குத் தெரிந்தால், உயிரோடு இருக்கிறவருக்கு நினைவு மலரா, வாயைக் கழுவுங்கள் என்று நிறுத்திவிடுவாள். அதனால்தான் அவளிடம் சொல்ல வேண்டாம் என்றது. முதல் பக்கத்தில் போட ஒரு படம் வேண்டும். கோட்டோடு இருக்கிற ஒரே படம் என்னிடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆலயப் பந்தலில் வெளியீடு. மாமா என் கறுப்புக் கோட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்கு ஆயக்குடிக் கொய்யாப்பழமும், அத்தை உரித்த வெங்காயம் போட்ட பிரியாணியும். புத்தகம் நான் பயந்ததைவிட நன்றாக இருந்தது. படத்தின் மேல் மெல்லிய தாள் வேண்டும் என்று அடம்பிடித்து, பேக்கரியில் கேக்குக்கு அடியில் போடும் எண்ணெய்த்தாளை வெட்டி ஒட்டியிருந்தார்கள். கீழே கையெழுத்து. பழகியவர்கள் சாட்சி என்று ஓர் அதிகாரம். அதில் கருப்பையா சொன்னதை மாமா ஒரு எழுத்துக்கூடக் குறைக்காமல் போட்டிருந்தார்: 'ஒரு தடவை இவர் கொடுத்த தக்காளி விதை முளைக்கவில்லை. மற்றபடி நல்ல மனுஷன்.'

கடைசி அதிகாரத்துக்குத் தலைப்பு மட்டும் இருந்தது. கீழே மூன்று பக்கம் வெறுமையாக விட்டிருந்தார்.

"எல்லாப் பிரதியிலயுமா மாமா?" என்றேன்.

"அவுகவுக கேள்விப்பட்டபடி எழுதிக்கிறட்டும். நான் வந்து திருத்தவா போறேன்?"

வாழ்த்துரைகள் நடந்துகொண்டிருந்தபோது நான் பையைத் திறந்து, பிளம்லி ஐயரின் இரண்டாம் பாகத்தை அவர் மடியில் வைத்தேன். மாமா புத்தகத்தின் முதுகில் இருந்த தலைப்பைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதற்கப்புறம் அவருடைய சொந்தப் புத்தகத்தை யாரும் சீண்டவில்லை, அவர் உட்பட. கருப்பையா பின்வரிசையிலிருந்து நாற்காலியோடு முன்னால் வந்துவிட்டார். பேசிக்கொண்டிருந்தவர் தானாகவே நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

கோட்டோடு நின்று மாமா கடைசி அதிகாரத்தைப் பிரித்தார். வாய்க்குள் படித்தார். பிறகு தமிழில் சொன்னார். காய்ச்சல் கப்பலிலேயே சரியாகிவிட்டது. ஐயர் கிழவராகும் வரை வாழ்ந்தார். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மனைவியிடம், "படலைச் சாத்தியாச்சா? ஆடு அவரைக்குள்ள போயிரும்" என்றார். சாத்தியாச்சு என்றாள். கண்ணை மூடினார். அவ்வளவுதான்.

"அம்புட்டுத்தானா?" என்றார் ஒருவர்.

"அம்புட்டுத்தான். அந்தப் படலு மோட்ச வாசலுன்னு ரெண்டு பக்கம் எழுதிருக்கான். அதை விடுங்க."

கருப்பையா துண்டை உதறித் தோளில் போட்டார். "நம்ம ஆளுதான்யா" என்று சொல்லிவிட்டு, பிரியாணிக்கு எழுந்தார். மாமா சிரித்த சிரிப்பில் கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்துவிட்டது.

8

திரும்பி வந்தபோது என் மேசையில் பூங்கொத்தும், கிடங்கில் எல்லாரும் கையெழுத்துப் போட்ட அனுதாப அட்டையும் இருந்தன. உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் பணியாளர் பிரிவுப் பெண் வந்து, சடங்கில் கொடுத்த தாள் கொண்டுவந்தேனா என்று கேட்டாள். பதற்றத்தில் பைக்குள் கைவிட்டு, கிடைத்ததைக் கொடுத்துவிட்டேன். அவள் பேக்கரித் தாளைத் தூக்கி மாமாவின் முகத்தைப் பார்த்தாள். தமிழ் எழுத்துகளைத் தடவினாள். இவ்வளவு அழகான நினைவு மலரை நான் பார்த்ததே இல்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பில் சேர்த்தாள். அதற்கு மேல் நான் எந்த வாயால் சொல்வது?

2006-இல் மாமா மறுபடி வந்தார். கடைத்தெருவில் பிரையன் எதிரே வந்துவிட்டார். மாமனாரின் தம்பி என்று சொல்லிச் சமாளித்தேன். பிரையன் மாமாவின் கையைப் பிடித்து, அண்ணனை இழந்ததற்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். மாமா ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. மிகவும் நல்ல மனிதர், எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லித் தலைகுனிந்தார். வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தார். ஜெனிக்கு இந்தக் கதையை ஆங்கிலம் கலக்காமல் அவரே நடித்துக் காட்டினார். அவள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள், கேட்டதும் தமிழில்தான்.

மாமா அன்றைக்குச் சாகவில்லை, இன்று வரையும் சாகவில்லை. போன ஞாயிறு பேசும்போது, கருப்பையாவுக்கு வேறு ஒரு ஐயர் வேண்டுமாம், ஒரே பாகத்தில் முடிகிறவராகப் பார்த்து அனுப்பச் சொன்னார். எங்களிடம் இருக்கும் பிரதியில், கடைசி அதிகாரத்துக்காக விட்ட மூன்று பக்கத்திலும் எஸ்தர் சாம்பார்ப் பொடிக்கு மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறாள்.